ஏரியைத் தூண் என்று சொன்னது ஏன்?

ஒரு ஏரியைத் தூண்னு யாராவது சொல்வாங்களா? நம்ம மாவட்டத்து ஏரி ஒன்றைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்காங்க.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிற பொன்னேரியை உங்கள்ல பல பேர் பஸ்ல போறப்பவாவது பார்த்திருப்பீங்க. வடக்கே கங்கை வரைக்கும் படை அனுப்பி ஜெயிச்ச முதலாம் ராஜேந்திர சோழன், அந்த வெற்றியோட நினைவா 11-ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி அது. அன்றைக்கு அதன் பெயர் சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு இந்த ஏரியை, தண்ணீரால் ஆன வெற்றித் தூண் என்ற பொருளில் வர்ணிக்கிறது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தூண் நிற்கும், ஏரி படுத்துக் கிடக்கும். தூண் கல், ஏரி தண்ணி. ரெண்டுக்கும் என்ன ஒற்றுமை? எழுதினவர் ஏன் கடல்னு சொல்லல, கண்ணாடின்னு சொல்லல, தூண்னு சொன்னார்?

இந்த வரி நமக்குப் பரீட்சையில வந்திருந்தா, கேள்வி இப்படி இருந்திருக்காது. ‘இதில் பயின்று வந்துள்ள அணி யாது?’ அவ்வளவுதான். ‘உருவக அணி’ என்று எழுதி, இலக்கணம் ரெண்டு வரி, சான்று ஒரு வரி, விளக்கம் ஒரு வரி, முழு மார்க், அடுத்த கேள்வி. ஏன் தூண் என்ற கேள்வியை நம்மகிட்ட யாரும் கேட்கவே இல்ல. நாமும் யாரையும் கேட்கல.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது இதுதான்: இலக்கியத்துல வர்ற உவமைக்கும் உருவகத்துக்கும் பெயர் வைக்க நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அதைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கல. பெயர் வைக்கிறது வேற, படிக்கிறது வேற. ரெண்டாவதைக் கத்துக்க இன்னும் நேரம் இருக்கு. அதுவும் நாம இப்போ உட்கார்ந்திருக்கிற இதே இன்ஜினியரிங் காலேஜ்ல.

மூணே மூணு பீரியட்

நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். நம்ம வகுப்புல பாதிக்கு மேல அப்படித்தான். தமிழ் எங்களுக்கு வீட்டுல மொழி, ஸ்கூல்ல ஒரு பேப்பர். இங்கிலீஷ்லயும் நிலைமை ஒண்ணும் பெரிசா வேற இல்ல. ஒரு கவிதை வரியைக் கொடுத்து, இது சிமிலியா, மெட்டஃபரா, பெர்சானிஃபிகேஷனான்னு கேட்பாங்க. ‘லைக்’, ‘ஆஸ்’ இருந்தா சிமிலி. ‘போல’, ‘போன்ற’ இருந்தா உவமை. உருபு மறைஞ்சு வந்தா எடுத்துக்காட்டு உவமையா, உருவகமான்னு ஒரு சின்னக் குழப்பம். ரெண்டு மொழியிலயும் ஒரே வியாதி: சொல்லைத் தேடு, லேபிள் ஒட்டு, நகரு.

2022-ல் நாங்க முதலாம் ஆண்டு சேர்ந்தபோது அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் புதுசா ரெண்டு தாள் வந்தது. முதல் செமஸ்டரில் ‘தமிழர் மரபு’, ரெண்டாவது செமஸ்டரில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. எந்த பிராஞ்ச்சா இருந்தாலும் படிச்சே ஆகணும். நல்ல விஷயம். அந்தத் தாள் வேண்டாம்னு சொல்ற கூட்டத்துல நான் இல்ல.

ஆனா கணக்கைப் பாருங்க. ‘தமிழர் மரபு’ ஒரு கிரெடிட் தாள். மொத்தம் 15 பீரியட், அஞ்சு யூனிட். ஒரு யூனிட்டுக்கு 3 பீரியட். ‘மொழி மற்றும் இலக்கியம்’ என்பது முதல் யூனிட். சங்க இலக்கியம், திருக்குறள், காப்பியங்கள், பக்தி இலக்கியம், பாரதியார், பாரதிதாசன் என எல்லாமே அந்த 3 பீரியடுக்குள்ள அடங்கணும். ரெண்டாயிரம் வருஷ இலக்கியத்துக்கு, நம்ம ஒர்க்ஷாப்ல ஒரு ஃபிட்டிங் ஜாயிண்ட் அறுக்கிற நேரம்!

அந்த நேரத்துல எந்த ஆசிரியரும் பட்டியல்தான் போட முடியும். நூல் பெயர், ஆசிரியர் பெயர், காலம், சிறப்பு. அவங்களைக் குறை சொல்றதுக்கில்ல. ஆனா பட்டியலை மனப்பாடம் செஞ்சவன் இலக்கியம் படிச்சவன் ஆக மாட்டான். ஹோட்டல் மெனு கார்டை மனப்பாடம் செஞ்சா வயிறு நிறையுமா?

ஏலாக்குறிச்சிக்கு வந்த வெளியூர்க்காரர்

‘நாங்க இங்கிலீஷ் மீடியம், எங்களுக்குத் தமிழ் இலக்கியம் வராது’ன்னு சொல்ற நண்பர்களுக்கு நம்ம ஊரிலேயே ஒரு பதில் இருக்கு.

அரியலூர் மாவட்டத்துல, கொள்ளிடத்துக்குப் பக்கத்துல ஏலாக்குறிச்சி. அங்கே அடைக்கல மாதா கோயில் கட்டி ஊழியம் செய்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்தவர், இயற்பெயர் பெஸ்கி. 1710-ல் இந்தியா வந்த பிறகுதான் தமிழ் கற்றார். நாமாவது வீட்டுல தமிழ் பேசி வளர்ந்தோம். அவருக்கு ‘அ’ கூடத் தெரியாது. அந்த மனுஷன் தேம்பாவணி என்கிற காப்பியமே எழுதினார். ஏலாக்குறிச்சியின் இன்னொரு பெயரான திருக்காவலூரை வைத்து ஒரு கலம்பகம் பாடினார்.

எனக்கு முக்கியமாப் படுறது வேற. அவர் 1732-ல் ‘சதுரகராதி’ தொகுத்தார். ஒரு வெளியூர்க்காரருக்கு அகராதி போதும்னு நமக்குத் தோணும். சொல்லுக்குப் பொருள் தெரிஞ்சா வாக்கியம் புரிஞ்சிடுமே! ஆனா அவர் அதோட நிக்கல. ‘தொன்னூல் விளக்கம்’ என்று ஐந்திலக்கணம் ஒன்றும் எழுதினார்: எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி. கடைசியா இருக்கிறதைக் கவனிங்க. சொல்லோட நேர்ப்பொருள் மட்டும் தெரிஞ்சவனுக்கு மொழி பாதிதான் தெரியும் என்பது அவருக்குப் புரிஞ்சிருக்கு.

அவர் எழுதிய இன்னொன்று உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை: பரமார்த்த குருவின் கதை. தமிழ் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சியாகப் பயன்பட எழுதியது. அதுல ஒரு இடம். குதிரை மேல போற குருவோட தலைப்பாகை கீழ விழுந்துடும். சீடர்கள் எடுக்க மாட்டாங்க. ‘விழுறதை எல்லாம் எடுக்கணும்’னு குரு திட்டுவார். அடுத்து குதிரை சாணி போடும், அதையும் பத்திரமா எடுத்துடுவாங்க. சலிச்சுப்போன குரு, எதை எதை எடுக்கணும்னு பட்டியலே எழுதிக் கொடுத்துடுவார். கடைசியில குருவே குழியில விழுவார். சீடர்கள் பட்டியலைப் பார்த்து வேட்டியை எடுப்பாங்க, தலைப்பாகையை எடுப்பாங்க. குருவை எடுக்க மாட்டாங்க. ஏன்னா பட்டியல்ல குரு இல்ல!

கோடிங் தெரிஞ்ச யாருக்கும் இதைப் படிச்சா சிரிப்பு ரெண்டு மடங்கு வரும். கொடுத்த இன்ஸ்ட்ரக்ஷனை அப்படியே செய்யும், ஒரு எழுத்து கூடக் கூடுதலா யோசிக்காது. நம்ம புரோகிராம் தினமும் லேப்ல செய்யுறதும் அதானே.

இப்போ கேள்வி: இந்தக் கதை எதைப் பத்தி? ‘முட்டாள்தனம் பத்தி’ன்னு சொன்னா அது தலைப்பு. மையக்கருத்து இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்ப எளிமை. தலைப்பை ஒரு சொல்லில் சொல்லிடலாம்: காதல், போர், வறுமை, முட்டாள்தனம். மையக்கருத்தைச் சொல்ல ஒரு முழு வாக்கியம் வேணும். அதுல ஒரு வினைச்சொல் இருக்கணும். ‘சொன்ன எழுத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு, சொன்னவரோட நோக்கத்தை விட்டவன், காப்பாத்த வேண்டிய ஆளையே குழியில விட்டுடுவான்.’ இது மையக்கருத்து. இந்த வாக்கியத்தைக் கதையோட ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வெச்சுப் பாருங்க: தலைப்பாகைக்கும் பொருந்தும், சாணிக்கும் பொருந்தும், குழிக்கும் பொருந்தும். எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ்.

அடுத்த முறை ‘தீம் என்ன?’ன்னு கேட்டு ‘லவ், நேச்சர், ஃபேமிலி’ன்னு யாராவது பதில் சொன்னா, ‘அதைப் பத்தி இது என்ன சொல்லுது?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அங்கிருந்துதான் படிப்பே ஆரம்பிக்குது.

தொல்காப்பியர் கொடுத்த நாலு கேள்வி

சரி, உவமையும் உருவகமும் எப்படிப் படிக்கிறது? இதுக்கு வெளிநாட்டுப் புத்தகம் எதுவும் தேவையில்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்துல உவமவியல்னு ஒரு இயலே இருக்கு. ஒரு பொருளை இன்னொரு பொருளோட ஒப்பிடும்போது அந்த ஒப்புமை எதுல நிக்குதுன்னு நாலு இடம் சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. இன்றைய தமிழில் சொன்னா, என்ன செய்யுது, என்ன பலன் தருது, என்ன வடிவம், என்ன நிறம்.

இதை நாம ‘உவமை நான்கு வகைப்படும்’ என்று மனப்பாடம் செஞ்சா அது மறுபடியும் லேபிள். நாலு கேள்வியா மாத்திப் பாருங்க, கையில ஒரு மல்டிமீட்டர் கிடைச்ச மாதிரி இருக்கும். எந்த உவமையிலயும் புரோபை வெச்சு, எங்க கரண்ட் ஓடுதுன்னு பார்க்கலாம்.

பொன்னேரியில வெச்சுப் பார்ப்போம். வடிவம்? தூணும் ஏரியும் ஒத்துப்போகல. நிறம்? அதுவும் இல்ல. செயல்? தூண் சும்மா நிக்குது. பலன்? இங்கதான் முள் ஆடுது. ஜெயிச்ச ராஜா வெற்றித் தூண் நடுறது எதுக்கு? பார்க்கிறவன் எல்லாம் ‘இந்த ராஜா ஜெயிச்சான்’னு நினைக்கணும். இந்த ஏரியும் அதே வேலையைச் செய்யுது. ஆனா கல் தூண் வயலுக்குத் தண்ணி பாய்ச்சாது. ஏரி பாய்ச்சும். அப்போ ஒரே வரியில ரெண்டு சங்கதி: மத்த ராஜாக்கள் கல்லை நட்டாங்க, இவன் தண்ணியைத் தேக்கினான்.

இங்கேயே நிறுத்தினா ‘ஆஹா, மக்கள் நலன்’னு கட்டுரை முடிச்சிடலாம். இன்னும் ஒரு படி போங்க. அந்தச் செப்பேடு ‘ஊருக்குச் சோறு போடும் தாய்’னு ஏரியைச் சொல்லல. வெற்றித் தூண்னுதான் சொல்லுது. குடிக்கிற தண்ணியைக்கூட ராஜாவோட பெருமைக்குச் சாட்சியா நிறுத்துது. அப்போ அந்த வரியோட மையக்கருத்து உழவரா, அரசரா? நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா முடிவுக்கு ஆதாரம் அந்த வரியிலேயே இருக்கணும்.

நான் இங்க செஞ்சது ஒரு சின்ன வேலைதான்: சொல்லை மாத்திப் பார்த்தேன். தூணை எடுத்துட்டுத் தாயை வெச்சேன். எது போச்சு, எது வந்துச்சுன்னு பார்த்தேன். நாலு கேள்விக்கு அடுத்து நான் சிபாரிசு செய்யுற அஞ்சாவது கேள்வி அது: இந்தச் சொல்லுக்குப் பதில் வேற சொல் வெச்சா என்ன நஷ்டம்?

அப்பா ஒரு பட்டறை

போன வருஷம் ஆலத்தூர் தாலுகா பக்கம் ஒரு கிராமத்துல எங்க என்எஸ்எஸ் முகாம். ஏழு நாள். சாயந்திரம் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு எதையாவது சொல்லிக் கொடுக்கிற வேலை எங்க குழுவுக்கு. ஒரு நாள் ‘அப்பாவை எதோடயாவது ஒப்பிட்டு ஒரு வரி எழுதுங்க’ன்னு சொன்னோம். தெய்வம், சூரியன், ஆலமரம், ஹீரோ... நாம எழுதினாலும் இதைத்தான் எழுதியிருப்போம். ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் மட்டும், அப்பா வெங்காயப் பட்டறை மாதிரின்னு எழுதிக் கொடுத்தான்.

பெரம்பலூர்க்காரங்களுக்குப் பட்டறை தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். சின்ன வெங்காயத்தை அறுவடை செஞ்ச உடனே விலை இல்லைன்னா, வயல்லயே கம்பு, மூங்கில், கீத்து வெச்சு, நாலு பக்கமும் காத்து புகுந்து போற மாதிரி ஒண்ணு கட்டி, அதுக்குள்ள கொட்டி வெப்பாங்க. விலை ஏறுற வரைக்கும் சரக்கு அழுகாம அதுல இருக்கும்.

இப்போ நாலு கேள்வியைப் போடுங்க. செயல்: தாங்கிக்கிட்டு நிக்குது, காத்திருக்குது. பலன்: உள்ள இருக்கிறது கெடாம, நல்ல விலைக்குப் போகும். வடிவம்: ஒல்லிக் கம்பு, ஓட்டை ஓட்டையா, வெயில் மழை எல்லாம் அது மேலதான். நிறம்: காய்ஞ்ச கீத்து. ஒவ்வொரு கேள்வியிலயும் ஒரு அப்பா தெரியுறாரு இல்ல?

அடுத்து அஞ்சாவது கேள்வி. பட்டறைக்குப் பதிலா ‘பீரோ’ன்னு மாத்துங்க. பீரோவும் பத்திரமாத்தான் வெச்சிருக்கும். ஆனா பூட்டு வந்துடுச்சு, காத்து போயிடுச்சு, வெயில் போயிடுச்சு. முக்கியமா காத்திருப்பு போயிடுச்சு. விலையைத் தீர்மானிக்கிறவன் வேற எங்கயோ இருக்கான், விளைவிச்சவன் வயல்ல காத்துக்கிடக்கிறான் என்கிற விஷயம் பட்டறையில மட்டும்தான் இருக்கு. வெங்காயம் உரிக்கிறவங்க கண் கலங்குறது நமக்குத் தெரியும். விளைவிச்சவங்க கண் கலங்குறதை அந்தப் பையன் ஒரே சொல்லில் சொல்லிட்டான்.

ஏன் பட்டறைன்னு கேட்டோம். ‘அப்பா எங்களை உள்ள வெச்சுக்கிட்டு வெளிய நிக்குறாருண்ணா’ என்றான். எனக்குத் தெரிஞ்ச எந்த நோட்ஸும் ஒரு உருவகத்தை இவ்வளவு சுத்தமா விளக்கினதில்ல.

இதையே பரீட்சையில கேட்டா, ‘உவமை அணி’ன்னு எழுதி மார்க் வாங்கிடலாம். பட்டறைன்னா என்னன்னு தெரியாமலேயே வாங்கலாம். பிரச்சனை அங்கதான் இருக்கு. உவமை புரியணும்னா முதல்ல அந்தப் பொருள் தெரியணும். வெங்காயத்தைத் தொட்டுப் பார்த்திருக்கணும், கீத்து நிழல்ல உட்கார்ந்திருக்கணும். இலக்கியம் வராதுன்னு நாம நினைக்கிற கிராமத்துப் பிள்ளைகிட்ட அந்தச் சரக்கு ஏற்கனவே இருக்கு. அவன் வீட்டுலயே ‘மண்ணு மலடாப் போச்சு’, ‘வானம் கைவிட்டுடுச்சு’ன்னு பேசுறாங்க. இது ரெண்டும் உருவகம்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல. நமக்கு அணியோட பெயர் தெரியும். அவனுக்கு அணியே தெரியும்.

திணை ஒரு டேபிள் இல்ல

‘தமிழர் மரபு’ தாளில் திணைக் கோட்பாடு நாலாவது யூனிட். இலக்கியம் முதல் யூனிட். ரெண்டையும் தனித்தனியா படிச்சுத் தனித்தனியா எழுதிட்டு வந்துடுறோம். குறிஞ்சி, மலை, புணர்தல். முல்லை, காடு, இருத்தல். மருதம், வயல், ஊடல். நெய்தல், கடற்கரை, இரங்கல். பாலை, வறண்ட நிலம், பிரிதல். அழகான அஞ்சு வரி டேபிள். பதிமூணு மார்க் கேள்வின்னா படம் போட்டு எழுதலாம்.

ஆனா அந்த டேபிள் ஒரு சாவி. அகப்பாட்டுல கவிஞர் ‘அவள் வருத்தமா காத்திருந்தாள்’னு நேரா சொல்ல வேண்டியதில்ல. கார்காலத்தையும் முல்லைப்பூவையும் காட்டினாப் போதும், அன்றைய வாசகனுக்குக் காத்திருப்பு புரிஞ்சிடும். சொல்ல வந்ததைச் சொல்லாம, பக்கத்துல இருக்கிற பூ மேலயும் பறவை மேலயும் ஏத்திச் சொல்றதுக்கு உள்ளுறை உவமம்னு தொல்காப்பியம் பெயரும் கொடுத்திருக்கு. நிலமே உருவகம்! இதைச் சொல்லாம டேபிளை மட்டும் கொடுக்கிறது, ஆஸ்கி டேபிளைக் கொடுத்துட்டு அது எழுத்துக்களோட குறியீடுன்னு சொல்லாம விடுற மாதிரி.

ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் திணை பிரிங்க. மேற்கே பச்சைமலை இருக்கு, குறிஞ்சி. கொள்ளிடக் கரையோரம் நெல் வயல், மருதம். மழைக்காகக் காத்திருக்கிற மானாவாரி நிலமும் ஆடு மேய்க்கிற காடும் முல்லை. மழை பொய்க்கிற வருஷம் எல்லாமே பாலை. நெய்தல்? அதுவும் உண்டு, கொஞ்சம் லேட்டா வந்துட்டோம். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கெல்லாம் கடல். காரை பக்கமும் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையிலும் கடல் உயிர்களோட புதைபடிவம் கிடைக்குது. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கு, வயசு சுமார் 12 கோடி வருஷம். ‘கல்மரம்’ என்ற பெயரையே எடுங்க: வடிவம் மரம், பொருள் கல். நாலு கேள்வியில மெய் என்ற ஒரே ஒரு கேள்வி தாங்கிப் பிடிக்கிற பெயர் அது.

‘இதெல்லாம் எதுக்கு?’

நண்பர்கள் வழக்கமாச் சொல்ற மூணு மறுப்பு உண்டு.

முதலாவது: ‘பரீட்சைக்கு லேபிள் தான்டா வேணும்.’ உண்மைதான். லேபிளை நான் தூக்கிப் போடச் சொல்லல. ரெசிஸ்டரை ரெசிஸ்டர்னு சொல்லத் தெரியலைன்னா சர்க்யூட்டைப் பத்திப் பேசவே முடியாது. ஆனா கலர் கோடை வாசிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் சர்க்யூட் டிசைன் பண்ண மாட்டான். லேபிள் முதல் படி. நாம அதையே மொட்டை மாடின்னு நினைச்சு நின்னுட்டோம்.

ரெண்டாவது: ‘கவிதைக்கு யார் வேணும்னாலும் எந்த அர்த்தம் வேணும்னாலும் சொல்லலாம், அதுக்கு எதுக்கு முறை?’ சொல்ல முடியாது. பட்டறை என்ற சொல்லுக்குக் ‘கோபக்கார அப்பா’ன்னு ஒருத்தர் பொருள் சொன்னா, அதுக்கு அந்த வரியில ஆதாரம் எங்கேன்னு கேட்கலாம். ஒரு வரிக்குப் பல பொருள் இருக்கலாம். தப்பான பொருளும் இருக்கு. நம்ம விளக்கம் எல்லா வரியிலயும் ஓடணும். ஒரு வரியில எரர் வந்தா, கவிதையைத் திருத்தக் கூடாது, விளக்கத்தைத்தான் திருத்தணும்.

மூணாவது: ‘ஏஐ கிட்ட கேட்டா ரெண்டு செகண்ட்ல தீம் சொல்லிடும்.’ சொல்லும். முன்னாடி நோட்ஸ் சொன்னதை இப்போ அது சொல்லுது, இன்னும் அழகா. ஆனா வேற ஒருத்தர் சாப்பிட்டு ருசியைச் சொன்னா, நம்ம நாக்குக்கு என்ன லாபம்? சுருக்கத்தைப் படிச்சவன்கிட்ட ‘ஏன் பட்டறை, ஏன் பீரோ இல்ல?’ன்னு கேட்டா, அவன் திரும்பவும் போனைத்தான் எடுப்பான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. உருவகம் கவிதைக்குள்ள மட்டும் இல்ல. இது எங்க பேட்சுக்கு பிளேஸ்மெண்ட் நேரம். வர்ற கம்பெனிகள்ல பல பேர் சொல்ற ஒரு வரி: ‘இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம்.’ கேட்க நல்லா இருக்கு. இப்போ நாலு கேள்வியைப் போடுங்க. எந்த வகையில குடும்பம்? குடும்பத்துல யாரும் பாண்ட் எழுதி வாங்க மாட்டாங்க. குடும்பத்துல நோட்டீஸ் பீரியட் கிடையாது. அப்போ எதுல ஒற்றுமை? வீட்டுல வேலை செஞ்சா மணிக்கணக்கு பார்க்க மாட்டோம், கூலி கேட்க மாட்டோம். அந்த ஒற்றுமைதான் அந்த வரிக்குத் தேவைப்படுது போல! எல்லா கம்பெனியும் அப்படின்னு சொல்லல. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உருவகத்தைப் பிரிச்சுப் படிங்கன்னு சொல்றேன்.

நம்ம ஊரை எடுத்துக்குங்க. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் வர்றதை ‘வளர்ச்சி’ன்னு சொல்றோம். வளர்ச்சி, செடிக்கும் குழந்தைக்கும் உரிய சொல். செடி மேல வளரும். சுரங்கம் கீழ போகும். ஆலை வேண்டாம்னு நான் சொல்லல. இங்க எத்தனையோ வீட்டுல அடுப்பு எரியறது அதனாலதான். ஆனா ‘வளர்ச்சி’ங்கிற சொல்லை வெச்சு யோசிக்கிறவன் குழியைப் பார்க்க மாட்டான், ‘குழி’ங்கிற சொல்லை வெச்சு யோசிக்கிறவன் அடுப்பைப் பார்க்க மாட்டான். நாளைக்கு இதே ஊர்ல சைட் இன்ஜினியரா நிக்கப் போற நமக்கு ரெண்டும் தெரியணும்.

என்ன செய்யலாம்?

பாடத்திட்டம் மாறணும்னு கோரிக்கை வெக்கலாம். மூணு பீரியடை ஆறு ஆக்கலாம். அது நம்ம கையில இல்ல. நம்ம கையில இருக்கிற மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, தமிழ் மன்றத்துக்கு. வருஷத்துக்கு ஒரு பட்டிமன்றம், ஒரு கோலப்போட்டி போதாது. வாரம் ஒரு நாள், மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிஷம், ஒரே ஒரு சின்னக் கவிதை. நோட்ஸ் கூடாது, போன் கூடாது. முதல்ல யார், யார்கிட்ட, எப்போ பேசுறாங்கன்னு மட்டும் பார்ப்போம். அப்புறம் நாலு கேள்வி. அப்புறம் சொல்லை மாத்திப் பார்ப்போம். கடைசியா ஒவ்வொருத்தரும் மையக்கருத்தை ஒரு முழு வாக்கியத்துல சொல்லணும். புரியாத சொல் வந்தா? அகராதி இருக்கு. இத்தாலிக்காரரே தொகுத்துக் கொடுத்த ஊர் இது.

ரெண்டு, முதலாம் ஆண்டு தம்பி தங்கைகளுக்கு. ‘தமிழர் மரபு’ தாளை ஒரு கிரெடிட்னு ஒதுக்காதீங்க. முதல் யூனிட்டையும் நாலாவது யூனிட்டையும் சேர்த்து வெச்சுப் படிங்க. திணை டேபிளைக் கையில வெச்சுக்கிட்டு ஒரே ஒரு குறுந்தொகைப் பாட்டைத் திறந்து பாருங்க, உரையோட. ஒண்ணு போதும்.

மூணு, என்எஸ்எஸ் போறவங்களுக்கு. பிள்ளைங்களுக்கு அணியோட வரையறையைச் சொல்லித் தராதீங்க, அது ஸ்கூல்லயே நடக்குது. அவங்க வீட்டுல பேசுற உவமையைக் கேட்டு எழுதி வாங்குங்க. ஏன் அதைச் சொன்னாங்கன்னு கேளுங்க. சொல்லித்தர்ற வேலையை அவங்களே செஞ்சிடுவாங்க.

இந்த இதழைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை. உங்க ஊர்ல, உங்க வீட்டுல, பாட்டியோ பக்கத்து வீட்டு அண்ணனோ சொல்ற ஒரு உவமையை எடுங்க. புத்தகத்துல இருக்கிறது வேண்டாம். அதுக்குக் கீழ, ஏன் அந்தப் பொருள், ஏன் வேற இல்லைன்னு ரெண்டு வரி எழுதுங்க. அணியோட பெயர் எழுத வேண்டாம், மார்க் குறைக்க மாட்டோம். அடுத்த இதழுக்கு அனுப்பி வைங்க. வர்றதுல இருந்து ஒரு பக்கம் போடலாம்னு ஆசிரியர் குழுகிட்ட ஏற்கனவே பேசிட்டேன், இடம் ஒதுக்கிட்டாங்க.